அம்சவல்லியின் முணுமுணுப்பு

போன ஆடிக் கிருத்திகையன்று, குன்றத்தூர் மலைப்படியில் உட்கார்ந்து கொம்பையாதான் இதை எனக்கு முதலில் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை.

அவனும் சுடலைக்கண்ணுவும் ஒரே ஊர். ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஹாஸ்டலில் ஒரே அறை. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த சுடலைக்கண்ணுவைக் கட்டுவிரியன் தீண்டிவிட்டது. விடிந்து பார்த்தால் இமை தூக்கவில்லை, மூச்சு இழுக்கிறது. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினான் கொம்பையா.

விஷமுறிவு ஊசி போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வரவேண்டும் என்று சொல்லி, அவனை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தான். சிநேகிதன் தலைமாட்டில் அங்கே வேலை பார்க்கும் ஆயா அம்சவல்லி. நெற்றியில் நாமம், தாழ்ந்த கண், வாயில் "நாராயணா, நாராயணா" என்று முணுமுணுப்பு. கட்டிலை மறைத்த துணிக்கு மேலே அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது.

"ஏ ஆயா, இதுவா சாமி கும்பிடுத நேரம்?"

அவள் திரும்பவே இல்லை. போனில் வீடியோ பிடித்தான். 'பாம்புக்கடிக்கு இங்கே மந்திரம்தான் வைத்தியம்' என்று எழுதி நெட்டில் போட்டும் விட்டான்.

அந்த ஷிப்ட் முடிவதற்குள் ஹாஸ்டல் ஹாஸ்டலாக அது சுற்றியது. மூன்றாம் நாள் அம்சவல்லியை இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள். ஒப்பந்த வேலை, ஏனென்று கேட்க ஆளில்லை.

பத்தாம் நாள் சுடலைக்கண்ணு எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை, முகத்தில் வைத்துக் காற்றைச் செலுத்தும் மூச்சுப்பையை அமுக்கிய கைக்கு நன்றி சொல்லு, நடுவில் அது நின்றிருந்தால் ஆள் இல்லை என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்.

அது சுகாதார நிலையத்து நர்ஸ் ரத்னாவின் கைதான் என்று நினைத்து, கொம்பையா அவளைத் தேடிப்போய்க் கும்பிட்டான்.

"என்னை ஏன் கும்பிடுற தம்பி? நான் ட்ரிப்ஸ் பாத்துகினு இருந்தேன். முக்கா மணி நேரம் அமுக்குனது அம்சவல்லிக்கா. ஒரு கம்பெனி தானமா குடுத்த பை அது. அஞ்சாறு நொடிக்கு ஒரு தடவை அமுக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. 'நம்பர் எண்ணினா எனக்குத் தப்பிடும் சிஸ்டர், சாமி பேருன்னா தப்பாது'ன்னாங்க அக்கா. நிதானமா நாலு நாராயணா, ஒரு அமுக்கு."

இதை மேலதிகாரிகளிடம் சொல்லவில்லையா என்று கேட்டான். சொன்னாளாம். வீடியோவை நீயே பாரும்மா, பை எங்கே தெரியுது என்றார்களாம்.

அன்றே பிள்ளைப்பாக்கத்தில் அம்சவல்லி வீட்டு வாசலில் போய் நின்றான்.

"எம்மா, அந்த வீடியோவைப் போட்டது நான்தான்."

"தெரியும்பா. அன்னிக்கு ஜன்னலாண்ட அழுதுகினு நின்ன. புள்ள நல்லா மூச்சு வுடுதா?"

தலையாட்டினான்.

"எனக்கு அப்புறம் அந்தப் பையை அமுக்க வேற யாருக்காச்சும் கத்துக் குடுத்தாங்களா?"

கொம்பையா அங்கேயே போனை எடுத்தான்.

தான் போட்டதை அவன் அன்றே அழித்துவிட்டான். அது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் போனுக்கு வந்தால், யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.