மாமனாருக்கு மேக்கப்

பெண்ணைப் பெற்றவர் மேக்கப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்பதை முதலில் கண்டுபிடித்தது வரலட்சுமிதான். கண்டுபிடித்த அந்த நிமிடமே அவளுக்கு மானம் போய்விட்டது.

பீளமேட்டில் கிரைண்டர் கம்பெனி நடத்துகிற லட்சுமணசாமி அவளுடைய சொந்தத் தம்பி. அறுபதை நெருங்குகிற மனுஷன். கன்னம் இரண்டும் வழவழவென்று மின்னின. நெற்றிச் சுருக்கத்தைக் காணோம். போதாக்குறைக்கு மீசைக்குக் கீழே உதட்டில் லேசாக ஒரு சிவப்பு.

மூத்த மகள் லாஸ்யாவின் ரிசப்ஷன் அது. தாராபுரத்திலிருந்து வந்திருந்த சொந்தங்கள் மேடையில் பெண்ணையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்துத்தான் குசுகுசுத்தார்கள். சம்பந்தி சீனிவாசலு மட்டும் தம்பியை ஓரமாக அழைத்துப் போய், "ஏனுங்க, என்ன கிரீம் போடறீங்க?" என்று ரகசியமாக விசாரித்தார். கேட்டபோது அவர் முகத்தில் கிண்டலே இல்லை.

வரலட்சுமிக்குக் காலையிலிருந்தே மனசு சரியில்லை. எல்லாம் தம்பியின் இளைய மகள் மௌனிகாவால் வந்த வினை.

மௌனிகா ஆட்டிசம் உள்ள பெண். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. கண்ணுக்கு நீல மை தீட்டிக்கொள்ள அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். தினமும் தன் கையாலேயே தீட்டிக்கொண்டுதான் ஆபீஸ் போவாள். ஆனால் முகத்தில் வேறு எதையும் பூச விட மாட்டாள். மை மட்டும் ஆகும், மற்றது ஆகாது என்றால் அதற்குப் பேர் பிடிவாதம் என்பது வரலட்சுமியின் கட்சி.

நாளைக் காலை முகூர்த்தத்தில் மேக்கப் இல்லாமல் அவள் மேடை ஏறக் கூடாது என்று வரலட்சுமி கறாராகச் சொல்லிவிட்டாள். மேக்கப் போடுவதானால் மண்டபத்துக்கே வர மாட்டேன் என்று மௌனிகாவும் சொல்லிவிட்டாள். தங்கச்சி பக்கத்தில் இல்லாமல் எனக்குத் தாலியே வேண்டாம் என்று கல்யாணப் பெண் அழுதாள். இத்தனைக்கும் நடுவில்தான் தம்பி இப்படி ஜொலித்துக்கொண்டு நின்றான்.

பொறுக்க முடியாமல் அவனைக் கை கழுவுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏண்டா லட்சுமணா, இந்த வயசுல உனக்கு எதுக்குடா இந்தக் கூத்து?"

"பாப்பா போட்டுக்கச் சொல்லுச்சுங்க்கா."

மத்தியானம் அவன் மௌனிகாவிடம் போய், கொஞ்ச நேரந்தானே கண்ணு, பொறுத்துக்கோ, ஒண்ணும் ஆகாது என்று கெஞ்சியிருக்கிறான். நீங்க போட்டுப் பாத்திருக்கீங்களாப்பா என்று கேட்டிருக்கிறாள் அவள். இல்லை என்றதும், டெஸ்ட் பண்ணிப் பாக்காம ஒண்ணும் ஆகாதுன்னு எங்க ஆபீஸ்ல யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க என்றாளாம். மகள் சொன்னது நியாயமாகப் பட்டது. லாஸ்யாவுக்கு மேக்கப் போட்ட அம்மணியிடமே போய் உட்கார்ந்துவிட்டான். ரிசப்ஷன் முடிகிற வரைக்கும் கழுவக் கூடாது என்று பேச்சு.

வரலட்சுமிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இவன் என்ன சொல்லப் போகிறான் என்பது அவளுக்குத் தெரியும். நரகம் என்பான். அப்படிச் சொன்னதும், "நீ பொறுத்துக்கிட்டீல்ல, அவளும் பொறுத்துக்கட்டும்" என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம்.

"சரி, போட்டுக்கிட்டீல்ல? எப்படி இருக்குது?"

"ஒண்ணுமே தெரியலீங்க்கா. போட்டதே மறந்துபோச்சு. சம்பந்தி கேட்டப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

வரலட்சுமி எதிர்பார்த்த பதில் இது இல்லை.

"அதை உடனே ஊட்டுல இருக்கற பாப்பாகிட்டப் போன்ல சொன்னேன்," என்றான் தம்பி. "அது அழுதுபோடுச்சுங்க்கா. அதுக்கு மூஞ்சி பூரா சிமெண்டு பூசிக் காய வெச்ச மாதிரி இருக்குமாமா. அந்த வாசத்துல எதுக்க நிக்கறவங்க பேசறதுகூடக் காதுல ஏறாதாமா. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அதுக்கும் ஆகாதுன்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன் பாருங்க, நானெல்லாம் ஒரு அப்பன். நாளைக்கு அது மையோடதான் வரும். நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க்கா."

வரலட்சுமி குழாய்க்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அவளும் அன்றைக்கு அப்பிக்கொண்டுதான் வந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து எந்த விசேஷத்துக்கும் அவள் அதில் குறை வைத்ததில்லை.

"நெசமாலுமே உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

"இல்லீங்க்கா."

"எரியலை? மூச்சு முட்டலை? எப்படா ஊட்டுக்குப் போயி கழுவுவோம்னு இல்லை?"

"சத்தியமா இல்லீங்க்கா. ஏன்?"

வரலட்சுமி குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை வாரி அடித்தாள். கன்னத்துச் சாயம் கழுத்து வழியாகப் பட்டுப் புடவையில் இறங்கியது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குது, பொறுத்துக்கிட்டுத்தான் சிரிக்கறாங்கன்னுல்லடா நான் நெனச்சிட்டிருந்தேன்!"