பத்து நிமிஷ வேலை

ஷாமளாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணி இரண்டு. சிங்கப்பூர் கம்பெனிக்கு அனிமேஷன் படத்தை ஐந்துக்குள் அனுப்பியாக வேண்டும். தவறினால் கிடைத்த முதல் கான்டிராக்டும் கைவிட்டுப் போகும். எட்டு கிராஃபிக்ஸ் கார்டு பூட்டிய அவள் கம்ப்யூட்டரோ, ஓடத் தொடங்கிய பத்தாவது நிமிஷம் பிரேக்கரை விழ வைத்துக் கரண்டை நிறுத்திவிடுகிறது.

காலையில் வந்த வயர்மேன் மணியம் சீலிங்குக்குள் ஏறியவர், ஆடி அசைந்து இப்போதுதான் ஏணியில் இறங்கினார்.

"அங்கிள், பிரேக்கரைப் பெருசா மாத்துங்கன்னுதானே சொன்னேன்? பத்து நிமிஷ வேலை லா!"

"பழைய வயர் மெல்லிசும்மா. பிரேக்கரை மட்டும் பெருசாக்கினா தாங்காது. அதனாலதான் நான்..."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க! வேற ஆளைக் கூப்பிட்டுக்கிறேன்."

மணியம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பக்கத்து ஊரு யோங் பெங்ல லோகேஸ்வரன்னு ஒரு வயர்மேன் இருக்கான். அவனைக் கூப்பிடும்மா. கை வேகம்." நம்பரைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

அவர் கேட்டைத் தாண்டும் முன்பே ஷாமளா தாமான் குடியிருப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டாள்: 'வயர்மேன் மணியத்தைக் கூப்பிடாதீங்க. சுத்த சோம்பேறி.'

லோகேஸ்வரன் வந்தான். பெட்டியைத் திறந்து பிரேக்கரை மாற்றினான், நாலு ஸ்குரூவை முறுக்கினான். பத்தே நிமிஷம். ஃபேன்கள் உறுமின. அரை மணி நேரம் ஓடியும் பிரேக்கர் விழவில்லை. ஷாமளாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பார்த்தீங்களா அண்ணே! இதுக்குப் போய் அந்த மனுஷன் காலையிலேருந்து..."

"அலமாக், என்னம்மா பேசுறீங்க?" லோகேஸ்வரன் ஏணிக்கடியில் கிடந்த வயர்த் துண்டை எடுத்து நீட்டினான். பிளாஸ்டிக் உருகிக் கரிந்திருந்தது. "உங்க பழைய வயர். நீங்க கேட்ட மாதிரி பிரேக்கரை மட்டும் மாத்தியிருந்தா வீடே எரிஞ்சிருக்கும். தடிச்ச புது வயரா முழுசும் இழுத்து வச்சிட்டுத்தான் மணியண்ணன் இறங்கியிருக்காரு. நான் நுனியை மட்டும்தான் மாட்டினேன்."

ஷாமளா கரிந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே அவரு போன் பண்ணிட்டாரு. 'அந்தப் பிள்ளைக்கு அஞ்சு மணிக்குள்ள வேலை முடியணும்டா, சோறு அப்புறம் தின்னலாம், ஓடு'ன்னாரு."

அவமானத்தில் காது சுட, எழுதியதை அழித்துவிடலாம் என்று அவசரமாகப் போனை எடுத்தாள்.

குழுவில் அவள் எழுதியதற்குக் கீழே மணியமே பதில் போட்டிருந்தார்: 'கொஞ்ச நேரம் ஓடினதும் பிளக்கைத் தொட்டுப் பாரும்மா. சூடா இருந்தா கூப்பிடு, வந்துடறேன்.'