வாசலுக்கு வராத பூனை

"ஏம்மா சந்திரா, அது உனக்கு இன்னா பாவம் பண்ணுச்சு? ஏன் இப்படி வெரட்டறே?"

செருப்பை மாட்டப்போன ராஜமாணிக்கம் வாத்தியார் அப்படியே நின்று கேட்டார்.

வாசற்படியில் வந்து உட்கார்ந்த பூனைக்குட்டியைத் துடைப்பத்தின் முனையால் தட்டி உள்ளே ஓட்டிக்கொண்டிருந்தாள் அவர் தங்கை சந்திரம்மாள். புருஷன் தவறிய பிறகு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள்.

"அடிக்கலைண்ணா. பழக்கறேன்."

எலித் தொல்லைக்காக வாத்தியாரே பள்ளிக்கூடத்து விறகுக் கொட்டாயிலிருந்து பையில் போட்டு எடுத்து வந்த குட்டி அது. வந்த கொஞ்ச நாளிலேயே நல்ல புத்தி வந்துவிட்டது. கொல்லையில் சாம்பல் கொட்டி வைத்த சட்டியைத் தவிர வேறெங்கும் அசுத்தம் செய்யாது. பால் குண்டான் திறந்தே கிடந்தாலும் வாய் வைக்காது. கூப்பிட்டுச் சோறு வைத்தால்தான் வரும். ராத்திரி அடுப்படியில் சந்திரம்மாளின் பாயோரம் சுருண்டுகொள்ளும். எல்லாம் அவள் கொடுத்த பயிற்சி.

அதுவரைக்கும் வாத்தியாருக்குச் சந்தோஷம்தான். இந்த வாசல் விஷயம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

எதிர்வீட்டு வேடியப்பன் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்பவர். போன வாரம் அவர் மண்டிக்குக் கிளம்பும்போது குட்டி குறுக்கே ஓடிவிட்டது. அன்றைக்கு அவர் லோடு ஏற்றி அனுப்பிய லாரி, வேங்கிக்கால் தாண்டுவதற்குள் அச்சு முறிந்து நின்றுவிட்டது.

"வாத்தியாரே, இன்னொரு தபா அது என் எதிர்ல வந்துச்சு, சாக்குல போட்டுக் கட்டி சாத்தனூர் அணையில வுட்டுடுவேன். இப்பவே சொல்லிட்டேன்!"

"அச்சு முறிஞ்சதுக்குப் பூனை இன்னாய்யா பண்ணும்? மூட்டையை ஜாஸ்தி ஏத்துனது நீயா, பூனையா?"

தெருவே சிரித்தது. கோபுர நிழலிலேயே குடியிருந்தாலும் வாத்தியார் ராகு காலத்தில் தாலி கட்டியவர். அஷ்டமி, நவமி, சூலம் எதுவும் அவரிடம் செல்லாது.

சந்திரம்மாள் சிரிக்கவில்லை. மறுநாளே ஆரம்பித்துவிட்டாள்.

தெருவில் எந்த வீட்டில் செருப்புச் சத்தம் கேட்டாலும் கொல்லைப்பக்கம் போய்க் கொட்டாங்கச்சியைத் தட்டுவாள். குட்டி ஓடி வந்தால் ஒரு துண்டு கருவாடு. வாசல் பக்கம் போனால் துடைப்பம்.

"எவனோ மிரட்டினான்னு நீயும் துணை போறியே! அவன் மூடநம்பிக்கைக்கு நம்ம வீட்டுப் பூனை ஏன் பயப்படணும்?"

"நம்பிக்கை யாருக்கு இருந்தா இன்னாண்ணா, சாக்குல போறது இதுதானே? ஒரு வூட்ல இருக்கணும்னா எப்ப வாசலுக்கு வரலாம், எப்ப வரக்கூடாதுன்னு தெரிஞ்சிக்கத்தான் வேணும்."

"இதுக்குப் பேருதான் அடிமைத்தனம்!" என்றார் வாத்தியார். "நான் அதை வாசல்ல உக்கார வைக்கலைன்னா பாரு."

அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். சாயந்திரம் அவர் குட்டியைத் தூக்கி வந்து வாசலில் விட்டுக் கொஞ்சுவார். காலையில் அவள் கொட்டாங்கச்சியைத் தட்டுவாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அது எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியாம முழிக்குது," என்று வாத்தியார் மனைவி ஆதிலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் கருவாடுதான் ஜெயித்தது. செருப்புச் சத்தம் கேட்டாலே குட்டி தானாகக் கொல்லைக்கு ஓடப் பழகிவிட்டது.

"பரவால்லியே, உங்க தங்கச்சி பூனைக்கே புத்தி சொல்லிட்டாங்களே!" என்றார் வேடியப்பன்.

வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தை மாதம் அவர் மகன் மூர்த்திக்கு நிச்சயம். பெண் வீடு அடி அண்ணாமலை. சந்திரம்மாள் விடியலிலிருந்து அடுப்படியில் நின்று அதிரசம் சுட்டாள், வரிசைத் தட்டுகளை அடுக்கிக் கொடுத்தாள். வாசலில் ஜட்கா வண்டிகள் வந்து நின்றன. சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் கூடிவிட்டார்கள். வேடியப்பனும் ஜரிகைத் துண்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

எல்லாரும் செருப்பை மாட்டினார்கள். குட்டி கொல்லைக்கு ஓடியது.

வாத்தியார் விடவில்லை. பின்னாலேயே போய், அதைத் தூக்கி வந்து, எல்லார் கண்ணெதிரிலும் வாசற்படியில் விட்டார். குட்டி மிரண்டுபோய், கிளம்பி நின்றவர்களுக்கு நேர் குறுக்கே பாய்ந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தது.

"ஐயோ! ஏங்க, நல்ல காரியத்துக்குப் போறப்பவா..." ஆதிலட்சுமி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாத்தியாரே, இதுல வெளையாடாதீங்க. உள்ள போயி ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டு வந்து கிளம்புங்க," என்றார் வேடியப்பன்.

"முடியாது! எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க. சகுனம்னு ஒரு பேரை வச்சு, ஒரு உயிரை அது இருக்கிற வூட்டு வாசல்லயே நிக்க வுடாம ஒளிச்சு வைக்கிறது எந்த ஊரு நியாயம்? என் வூட்ல அது நடக்காது. ஏறுங்க வண்டியில!"

மூர்த்திதான் முதலில் சிரித்துக்கொண்டே ஏறினான். அப்புறம் ஒவ்வொருவராக ஏறினார்கள். முணுமுணுத்துக்கொண்டே வேடியப்பனும் ஏறி உட்கார்ந்தார்.

வாத்தியாருக்கு ஊரையே திருத்திவிட்ட நிறைவு. வண்டிப் படியில் கால் வைத்தவர், திறந்து கிடந்த கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சந்திரா! வந்து கதவைச் சாத்திக்கோம்மா."

அடுப்படிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"வண்டி தெருமுனை திரும்பட்டும்ணா. அப்புறமா வரேன்."