அக்கா போகக் கூடாது

"நீங்களும் போறேன்னு மட்டும் சொல்லிடாதீங்கக்கா. என்னால தாங்க முடியாது."

மேனேஜர் கண்ணாடி அறையின் திரையை இழுத்துவிட்டு, தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படி எழுந்து வந்தது இதுதான் முதல் தடவை.

வாஷிங் மெஷின் சுற்றவில்லை, ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று போன் பண்ணுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் ஆபீஸ் அது. அக்காதான் அங்கே சூப்பர்வைசர். மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் அக்கா. போன வாரம் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்த எட்டுப் பேர் தலையில் ஆளுக்கு இரண்டு ஆள் வேலை. போதாக்குறைக்கு, ஊழியர்கள் மனம் தளரக் கூடாதாம்! தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து மேஜைக்கு மேஜை மஞ்சள் சிரிப்பு மூஞ்சி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஆள் இல்லாத மேஜையையும் விடவில்லை. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்றால் இதுதான்.

இன்று காலை அக்கா வந்ததும் வராததுமாக டிராயரைக் காலி பண்ண ஆரம்பித்தாள். டம்ளர், ஸ்வெட்டர், தலைவலித் தைலம் எல்லாம் ஒரு பைக்குள் போயின. ஏன் என்று கேட்டவர்களைப் பையைப் பிடிக்கச் சொன்னாள். எட்டுப் பேருக்கும் பக்கென்றது. அக்கா போனால் நமக்கு மட்டும் இங்கே என்ன வேலை என்று ஒருத்தன் ஹெட்செட்டைக் கழற்றினான். அடுத்தடுத்து எல்லாரும் கழற்றினார்கள். சமாச்சாரம் மேனேஜர் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

ஆட்களை வீட்டுக்கு அனுப்பியதில் தனக்குப் பங்கே இல்லை என்று அவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். வேலை போகிறவர்களுக்குக் காலையிலேயே மேலிடத்திலிருந்து போன் வந்துவிடுமாம். மேனேஜருக்குச் சாயங்காலம்தான் சொல்வார்களாம். முன்னாலேயே சொன்னால் சிபாரிசுக்கு வந்து நிற்பாராம். போன வாரம் வேலை போன ஒரு பெண்ணிடம், அது தெரியாமல் டார்கெட் என்னாச்சு என்று அதட்டி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

"ஹெட் ஆபீஸ்ல ஆளை வீட்டுக்கு அனுப்பறவங்க ஒரு மாடி, ஆளைப் போகவிடாமப் பிடிச்சு வைக்கறவங்க வேற மாடிக்கா. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கறதே இல்ல. இப்ப பிடிச்சு வைக்கற மாடியிலேருந்து உத்தரவு. மூத்தவங்க யாரும் போகக் கூடாது, என்ன கேட்டாலும் கொடுங்கன்னு. சம்பளத்தை ஏத்தித் தர்றேன். சரியா?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார்."

ஷிப்டை மாற்றுகிறேன் என்றார். தனி அறை தருகிறேன் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"சுருட்டையையும் மேஸ்திரியையும் திரும்பக் கூப்பிடுங்க. இன்னிக்கே."

சுருட்டைக்கு முடியால் வந்த பெயர். புருஷன் கால் உடைந்து படுத்திருக்க, அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வேலை போனதிலிருந்து அக்காவுக்குத் தூக்கமே இல்லை. மேஸ்திரி போனிலேயே அதட்டி உருட்டி வாடிக்கையாளர் கையாலேயே மெஷினை ஓட வைத்துவிடுவான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம்.

அனுப்பினவர்களைத் திரும்ப எடுக்கும் வழக்கமே இல்லையே என்று மேனேஜர் இழுத்தார்.

"நல்லா ஓடுற ஆளைத் தூக்கி வெளிய போடறது மட்டும் என்ன வழக்கம்? வெளிய எட்டுப் பேர் சும்மா உக்காந்திருக்காங்க. ஸ்டிக்கரைப் பாத்து அவங்களுக்குத் தெம்பு வராது. போனவங்க வந்து பக்கத்துல உக்காந்தா வரும்."

"என்னக்கா, மிரட்டுறீங்களா?"

"ஆமா சார்."

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, அவங்க வந்தா நீங்க இருப்பீங்கல்ல?"

"முதல்ல அவங்க வந்து சீட்டுல உக்காரட்டும். என்னைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

அவர் ஆளைப் பிடித்து வைக்கும் மாடிக்குப் போன் போட்டார். அந்தம்மா போனால் கூடாரமே காலி என்று கெஞ்சினார். அந்தம்மாவுக்காகவென்றால் இரண்டு பேரென்ன, மூன்று பேரைக்கூடச் சேர்த்துக்கொள் என்று பதில் வந்தது. கையோடு ஆர்டரும் வந்தது. அடுத்து இரண்டு பேர் வீட்டுக்கும் பேசினார். சுருட்டை போனிலேயே அழுதுவிட்டாள். மேஸ்திரி யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து மேனேஜரைக் கன்னாபின்னாவென்று திட்டி, ஆள் தெரிந்த பிறகு ஐயோ சார் என்றான்.

மத்தியானம் இரண்டு பேரும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது ஹாலே கைதட்டியது. எட்டுப் பேரும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்கள். மேனேஜர் அப்போதுதான் சாப்பிடப் போனார். அந்தப் பக்கம் அவர் தலை மறைந்ததும் அக்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். சுருட்டை பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார் போன்ல எல்லாம் சொன்னாரு. எந்தத் தைரியத்துலக்கா அவரைப் போய் மிரட்டினீங்க? போறதுன்னா போங்கன்னு அவர் சொல்லியிருந்தா, எங்களால உங்க வேலையும் போயிருக்குமே."

"இருந்தாத்தானேடி போறதுக்கு?" என்றாள் அக்கா. "காலையில பஸ்ல வர்றப்பவே எனக்குப் போன் வந்துடுச்சு. மேனேஜருக்குச் சாயங்காலம்தான் சொல்லுவாங்க."