துளசிமணியின் விரல்

பிரஸ் மிஷினில் துளசிமணியின் ஆள்காட்டி விரல் துண்டாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க, பொறியாளர் பிரதீபன் வெள்ளைப் பலகையில் மீன்முள் படம் வரைந்தார். மிஷினின் வேகம், மங்கலான வெளிச்சம், அவசரம் என்று முள்ளுக்கு ஒரு காரணமாக எழுதிக்கொண்டே வந்தார். கை நுழைந்தால் மிஷினை நிறுத்தும் சென்சார் பழுதாகிக் கிடந்ததையும் எழுதினார். கையில் கட்டோடு துளசிமணி எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

“சென்சார் வேலை செய்யலைன்னு தெரியுமாக்கா?”

“தெரியுங்க சார். எத்தனையோ தடவை சொன்னேன். யாரும் வந்து பார்க்கலீங்க.”

“தெரிஞ்சும் கை எப்படிக்கா உள்ள போச்சு?”

“தானாப் போகலீங்க. நாந்தான் வெச்சேன்.”

பிரதீபன் பலகையிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார்.

“என்ற பொண்ணை அந்த மிஷின்லதான் போடறோம்னு சொன்னாங்க. யாருக்காவது அடிபட்டாத்தான் மாத்துவீங்கன்னு தோணுச்சு. இன்னிக்குத்தான் அவ வேலையில சேர்ந்திருக்குறா. மாத்திட்டீங்கல்லங்க?”

விசாரணை முடியட்டும் என்று சென்சாரை இன்னும் யாரும் மாற்றவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. பேனாவைப் போட்டுவிட்டு பிரதீபன் ஓடினார்.