மாதேஸ்வரன் கையில் ஒரு ஊக்கு

கட்டுன பொண்டாட்டி கால்ல ஊக்கால குத்தற மனுசனப் பாத்திருக்கீங்களா? கொட்டச்சேடு எஸ்டேட்டுல, கூலிக்காரங்க குடியிருக்கற லைன்ல, எம் பக்கத்து ஊட்டு மாதேஸ்வரன் குத்துனான். சன்னல் வழியா எங் கண்ணால பாத்தேன்.

அவன் பொண்டாட்டி காமாட்சி படுத்த படுக்கை. போன மாசம் காப்பி மூட்டையத் தூக்குனவ, முதுகு நொம்ப வலிக்குதுன்னு உக்காந்தா. கொஞ்ச நேரத்துல ரெண்டு காலும் வெளங்காமப் போச்சு. விழவும் இல்ல, அடிபடவும் இல்ல. சேலத்துல எக்ஸ்ரே எடுத்தா எலும்பு நல்லா இருக்குதாம்.

"வேலைக்குப் பயந்துக்கிட்டு நடிக்கிறா"ன்னு கணக்கு எழுதற எஸ்டேட் ரைட்டரு சொல்லிட்டாரு. லைன் பூராவும் அதே பேச்சு. இவனும் அதை நம்பி, குத்திப் பாக்கறானாக்கும். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. விறுவிறுன்னு உள்ள போனேன்.

"ஏன்டா, எந்திரிக்க முடியாமக் கெடக்கறவளக் குத்தறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"அக்கா, டாக்டர்தானுங்க..."

"எந்த டாக்டர்டா பொண்டாட்டியக் குத்தச் சொன்னான்?"

"சேலத்துப் பெரிய டாக்டருங்க. முதுகுத்தண்டுக்குள்ள ரத்தக்குழா அடைச்சுக்கிச்சாமுங்க. பஞ்சுல தொட்டா இவளுக்குத் தெரியுது, குத்துனா வலி தெரியல. அதை வெச்சுத்தான் கண்டுபுடிச்சாரு."

"வலி தெரியாதுன்னா குத்தலாமா? நல்லா இருக்குதுடா உன் நியாயம்."

"புஷ்பக்கா, அவர ஏதும் சொல்லாதீங்க"ன்னா காமாட்சி.

"நீ சும்மா இரு கண்ணு. நீ குடுக்கற எடந்தான் எல்லாத்துக்கும்."

சொல்லிக்கிட்டே அவன் கையில இருந்த ஊக்கைப் புடுங்குனேன். அவன் விடல, நானும் விடல. வெடுக்குனு இழுத்ததுல ஊக்கு போயி காமாட்சி பாதத்துல ஏறிருச்சு.

"ஸ்ஸ்... அம்மா"ன்னா காமாட்சி.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நியாயம் கேக்க வந்த நானே குத்திப்புட்டனே. "தெரியாமப் பட்டுருச்சு சாமி"ன்னு அவ பாதத்தைத் தேய்ச்சு விட்டேன்.

மாதேஸ்வரன் கட்டிலோரமா அப்படியே உக்காந்துட்டான். அவன் கண்ணுல தண்ணி கொட்டுது.

"வலி தெரிய ஆரம்பிச்சா, காலும் திரும்ப வெளங்கறதுக்கு வழியிருக்குது, தெனமும் குத்திப் பாருன்னு டாக்டர் சொன்னாருங்க அக்கா. குத்தறப்பல்லாம் தெரியல, தெரியலன்னுதான் சொல்லுவா."

காமாட்சி எங் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. அழுகையும் சிரிப்புமா இருந்துச்சு அவ மொகம்.

"அக்கா, இன்னொருக்கா குத்துங்க."