உதறாத வண்டி

தளும்பத் தளும்ப டீ இருந்த கிளாஸை, ஓடிக்கொண்டிருந்த பிக்கப்பின் பானெட் மேல் வைத்தார் என் வீட்டுக்காரர் நிலவழகன்.

"இங்கிட்டு வந்து பாரு ரஞ்சனி, ஒரு சொட்டு சிந்துதா?"

சிந்தவில்லை. டீயின் மேல் படிந்திருந்த ஆடைகூட அசையவில்லை.

ஜல்லிக்கட்டுக்கு வந்த இடத்தில் ஊரே மாட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, இந்த மனிதர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாடிவாசலில் அவிழ்த்துவிடும் காளைகள் ஓடிவந்து சேரும் பொட்டல் அது. வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே எங்கள் வண்டியும் நின்றது. எங்கள் காளை ராக்கனை என் தம்பி கோபிநாத் வாடிவாசலுக்குக் கூட்டிப் போயிருந்தான். இங்கே கயிறோடு காத்திருந்து பிடிக்க வேண்டியது நான்.

பொட்டலை ஒட்டித் தைலமரக் காடு. காட்டுக்கு அந்தப் பக்கம் கைவிட்ட கல்குவாரி. போன வருஷம் வழி தவறிய காளை ஒன்று அதில் விழுந்தது. கிரேன் வைத்து மேலே கொண்டுவந்தபோது அதற்கு உயிர் இல்லை.

மாடு வளர்க்கிறவர்களுக்கு, மாடு பிடிபட்டுவிடுமோ என்பது சின்னக் கவலைதான். திரும்பி வருமா என்பதுதான் பெரிய கவலை.

எனக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. கன்றாக இதே வண்டியில் ஏற்றி வந்தது முதல் ராக்கனுக்கு எல்லாம் நான்தான். சாயங்காலம் சந்தையிலிருந்து நான் வண்டியோடு தெருமுனை திரும்பினாலே கொட்டகையிலிருந்து இரண்டு தடவை குரல் கொடுப்பான். எந்த ஊர் ஜல்லிக்கட்டிலும், எத்தனை வண்டி நின்றாலும், நான் கூப்பிட்ட குரலுக்கு நேராக என்னிடம் வந்து நிற்பான். பெற்ற பிள்ளைகூட இப்படி வராது என்று பக்கத்து வண்டிக்காரர்கள் சொல்வார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

சவுதியில் லாரி மெக்கானிக்காக இருந்துவிட்டு இவர் இந்தப் பொங்கலுக்குத்தான் ஊர் திரும்பினார். ராக்கன் இவரைக் கிட்டேயே அண்டவிடவில்லை. இவர் இல்லாமலே எல்லாம் நடந்து பழகிவிட்ட வீட்டில், இவர் கைக்காகக் காத்திருந்தது வண்டி ஒன்றுதான்.

பழைய டீசல் வண்டி. ஓட்டும்போது நமக்கு அவ்வளவாகத் தெரியாது. நின்ற இடத்தில் ஓடவிட்டால் குளிர்ஜுரம் கண்டதுபோல் உதறும். தட், தட், தட் என்று மூன்று அடி விழும். நான்காவது அடி விழாது. அணைத்தால் லேசில் ஸ்டார்ட் ஆகாது என்று, போகிற இடமெல்லாம் நான் அதை அணைக்காமலே வைத்திருப்பேன்.

நேற்று இவர் அதற்கு வைத்தியம் பார்த்தார். டீசல் போகும் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தித் தளர்த்தி முடுக்கினார். மற்றதைத் தளர்த்தியபோதெல்லாம் எஞ்சின் திணறியது. மூன்றாவதைத் தளர்த்தியபோது மட்டும் சத்தம் மாறவேயில்லை. வேலை செய்யாமல் சம்பளம் வாங்குகிறவன் இவன்தான் என்று சொல்லி, டீசலைப் பீய்ச்சும் அதன் நாசிலைக் கழற்றிப் புதிது மாட்டினார்.

வண்டி பூனைபோல் ஆகிவிட்டது. என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

கொட்டகையில் ராக்கன் தீனியை விட்டுத் தலையைத் தூக்கினான். காதுகளை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருந்தான். ஈ மொய்க்கிறது என்று நினைத்து வேப்பிலை மூட்டம் போட்டேன்.

பொட்டல்வரை கேட்ட மைக்கில் ராக்கன் பேரைச் சொன்னார்கள். மாடு ஜெயித்துவிட்டது என்றார்கள். ஒருவனும் திமிலைத் தொடவில்லையாம்.

புழுதிக்குள்ளிருந்து ராக்கன் வந்தான். நான் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, எப்போதும்போல் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

பொட்டலின் நடுவில் நின்றான். மறுபடி கூப்பிட்டேன். என் பக்கம் பார்த்தான், ஆனால் வரவில்லை. காதுகள் ஒவ்வொரு வண்டியாகத் திரும்பின. எங்கள் வண்டியின் பக்கமும் திரும்பின, நிற்காமல் அடுத்த வண்டிக்குப் போயின.

தொண்டை கிழியக் கத்தினேன். ராக்கன் மிரண்டு, வண்டிகளின் இடுக்கில் புகுந்து, தைலமரக் காட்டுக்குள் ஓடினான்.

துரத்திக்கொண்டு காட்டின் ஓரம்வரை ஓடினேன். வால்கூடக் கண்ணில் படவில்லை. திரும்பிப் பார்த்தேன். பானெட் மேல் டீ அப்படியே இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, வண்டிக்குத் திரும்பி ஓடினேன்.

"ஏங்க, அவன் என்னயத் தேடல. வண்டியத் தேடுறான்."

இவர் என் முகத்தைப் பார்த்தார். கிளாஸைத் தட்டிவிட்டு பானெட்டைத் திறந்தார், சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பானரை எடுத்து மூன்றாவது நட்டைத் தளர்த்தினார். டீசல் சட்டையெல்லாம் தெறித்தது.

வண்டி உதற ஆரம்பித்தது. தட், தட், தட். நான்காவது அடி இல்லை.

பக்கத்து வண்டிக்காரர்கள் எங்களைப் பைத்தியக்காரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நாங்கள் காட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

குரல் வந்தது. இரண்டு தடவை. சாயங்காலம் தெருமுனையில் கேட்கும் ராக்கனின் அதே குரல்.

இவர் சிரித்துவிட்டார். வந்துவிடுவான் என்று சொல்லி என் தோளிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார்.

நான் நகரவில்லை. தைலமரக் காட்டுக்குள் கத்தினால் எதிரொலி வராது, பள்ளத்துக்குள்ளிருந்து கத்தினால்தான் வரும். ராக்கன் இரண்டு தடவை கத்தினான், கீழே குவாரிப் பாறை அதை இரண்டு தடவை திருப்பிச் சொன்னது.